பொம்மருக்குப் பயமில்லாத பிள்ளை

நாகேஸ்வரிக்கு வயிற்றில் தரித்திருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அவளுடைய தமையன் பெண்சாதி பூரணம்.

வெங்காயம் கிண்டி முடிந்த நாட்கள் அவை. கொட்டில் நிறையச் சின்ன வெங்காயம் குவிந்து கிடந்தது. பெண்கள் இருவரும் சாக்கை விரித்து எதிரெதிரே இருந்து, தாளோடு சேர்த்துப் பிடிபிடியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இளம்பிள்ளைவாதத்தில் சூம்பிப்போன இடது காலை முன்னால் நீட்டி, மற்றக் காலை மடித்து இருந்துவிட்டால், நாகேஸ்வரியின் கைவேகத்துக்கு வட்டுக்கோட்டையில் ஆள் இல்லை. அன்றைக்கு அந்தக் கை அடிக்கடி நின்றது. பிறகு கொட்டிலின் கப்புத் தூணைப் பிடித்து எழும்பி, தொடையில் கையை ஊன்றி ஊன்றி வேலியடிக்குப் போய்ச் சத்தி எடுத்தாள்.

"காலமை என்ன திண்டனி?" என்று பூரணம் கேட்டாள்.

"குரக்கன் புட்டுத்தான் மச்சாள். வெங்காய மணம் ஒத்துக்கொள்ளேல்லை."

"பிறந்து வளந்தது வெங்காயத்துக்கை. இண்டைக்குத்தான் உனக்கு மணக்குதோ? என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லு, ஈசு. குளிக்காமல் எவ்வளவு நாள்?"

நாகேஸ்வரி வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"ரண்டு மாசம் தள்ளிப் போச்சு."

"பிள்ளை தரியாமல் இருக்க ஆஸ்பத்திரியிலை குளிசை தந்தவையெல்லே? மறந்து போனியோ?"

"மறக்கேல்லை. வேணுமெண்டுதான் விட்டனான். எனக்கொரு பிள்ளை வேணும்."

பூரணத்தின் கையிலிருந்த வெங்காயப் பிடி மடியில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவள் நோற்காத விரதமில்லை. மூன்று தரம் தரித்து மூன்றும் தங்கவில்லை. கீரிமலையில் தீர்த்தமாடி, நகுலேஸ்வரத்தில் ஈரச் சேலையோடு அங்கப்பிரதட்சிணம் செய்தவள். அவளுக்கு வாய்க்காதது, குளிசையை வேண்டுமென்று விட்டவுடனே ஒரு நொண்டிக்கு வாய்த்திருக்கிறது.

"உனக்கென்ன விசரே?" என்று மட்டும் கேட்டாள்.

நாகேஸ்வரியின் கல்யாணம் நடந்தே முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கியதும், கீரிமலைப் பக்கத்துச் சனம் கையில் அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. அதில் ஆழ்வாப்பிள்ளையும் ஒருவன். சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றியவன். முற்றத்தில் விழுந்த செல் அவனுடைய தாயைக் கொன்றது. அவனுடைய இரண்டு காதையும் கொண்டு போயிற்று. பள்ளிக்கூட வகுப்பறையொன்றில் படுத்திருந்துகொண்டு நாகேஸ்வரியின் தமையன் கதிரவேலுவின் தோட்டத்துக்குக் கூலிக்கு வந்தான். மண்ணெண்ணெய் இல்லாமல் இறைப்பு மிசின்கள் துருப்பிடித்துக் கிடந்த காலம். கழற்றிப் போட்டிருந்த பழைய கிணற்றுத் துலாவைத் திரும்பவும் பூட்டி, விடிய வெள்ளன ஏறி மிதிக்கத் தொடங்கினால் வெயில் ஏறும் வரைக்கும் இறங்கமாட்டான். எதிரே நிற்பவரின் வாயைப் பார்த்துச் சொல்வதை விளங்கிக்கொள்வான். தன்னுடைய குரல் தனக்குக் கேளாததால் எதைச் சொன்னாலும் நாலு வளவுக்குக் கேட்கச் சொல்வான்.

தங்கச்சிக்கு அவனைப் பேசியவர் கதிரவேலுதான். "உனக்கும் ஒரு துணை, அந்த மனிசனுக்கும் ஒரு துணை. பிள்ளை குட்டியெண்டு வேண்டாம். ரண்டு பேரையும் நாங்கள் பாக்கிறதே பெரிய காரியம்" என்றார். அவனிடமும் வாயை நிறுத்தி நிறுத்தி அதையே சொன்னார். இரண்டு பேரும் தலையாட்டினார்கள். முப்பத்துநாலு வயதில் தன்னை ஒருவன் கட்டுவான் என்பதையே நம்பாமல் இருந்தவள் வேறு என்னத்துக்கு யோசிப்பாள்? வளவின் தெற்கு மூலையில் ஓலைக் கொட்டிலொன்று போட்டுக் கொடுத்தார்கள்.

அன்று பின்னேரம் தோட்டத்தால் வந்து, பூரணம் சொன்னதைக் கேட்ட கதிரவேலு கையைக் காலைக் கழுவாமலே அந்தக் கொட்டில் வாசலுக்கு வந்தார்.

"ஈசு, என்ன சொல்லிக் கலியாணம் செய்து வைச்சனான்?"

"அப்ப எனக்குத் தெரியாது அண்ணை."

"என்னது தெரியாது?"

"எனக்குப் பிள்ளை வேணுமெண்டு."

"உந்தக் காலோடை நீ பிள்ளை பெறப் போறியோ?"

"காலாலையோ பிள்ளை பெறுறது?"

பிறந்ததிலிருந்து அவள் தமையனை எதிர்த்துக் கதைத்ததில்லை. கதிரவேலு ஆழ்வாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். அவன் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, எல்லாம் விளங்கியவன்போலச் சிரித்தான். "ஓம் மச்சான், ஐப்பசியிலை பிறக்கும்!" என்று கத்தினான். பக்கத்து வளவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பத்மாவதி எட்டிப் பார்த்தாள். கதிரவேலு கிணற்றடிக்குப் போனார்.

மற்றநாள் தொடக்கம் பூரணம் கைமருந்து செய்யத் தொடங்கினாள். பப்பாசிக்காய்க் கறி வந்தது. எள்ளும் பனங்கட்டியும் இடித்து வந்தது. சத்திக்கு நல்லது என்று சொல்லி, வெள்ளைக் குளிசையைப் பொடியாக்கித் தேத்தண்ணியில் கரைத்துக் கொடுத்தாள். முதல் இரண்டு தரமும் நாகேஸ்வரி குடித்தாள். மூன்றாம் தரம் அந்தக் கைப்பு எதுவென்று பிடிபட்டது. சின்ன வயதில் மலேரியாவுக்கு விழுங்கிய அதே கைப்பு. வாய்க்குள் இருந்ததை முற்றத்தில் துப்பிவிட்டு, கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பிறகு தமையன் வீட்டில் பச்சைத்தண்ணியும் வாங்கிக் குடிக்கவில்லை. ஆழ்வாப்பிள்ளை கொண்டு வந்த மரவள்ளிக்கிழங்கும் ஒடியல் கூழும்தான் சாப்பாடு.

வயிறு வெளியே தெரியத் தொடங்கிய பிறகு பூரணம் மாறினாள். சோளகக் காற்று அடித்துப் புழுதி கிளம்பிய ஒரு பின்னேரம், இரண்டு பேரும் வேலியடியில் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்கள். நாகேஸ்வரி "ஆ" என்று வயிற்றைப் பிடித்தாள்.

"என்ன?"

"உதைக்கிறான்."

பூரணம் கேளாமலே அவளுடைய வயிற்றில் கையை வைத்தாள். உள்ளே ஒரு குதி அசைந்து அவளுடைய உள்ளங்கையைத் தள்ளியது. கையை எடுக்க மனம் வராமல் அப்படியே நின்றாள். அடுத்த நாள் முட்டை அவித்துக் கொண்டு வந்தாள். பிறகு பால் வந்தது. கடைகளில் இல்லாத சவுக்காரக் கட்டியொன்றை எங்கேயோ தேடிப் பிடித்து, பிள்ளையின் துணிக்கென்று பொத்தி வைத்தாள். ஒரு நாள் வாசலில் குந்தியிருந்து மெதுவாகக் கதையைத் தொடங்கினாள்.

"ஈசு, நீ பெறு. நான் வளக்கிறன்."

"ஏன் மச்சாள், நான் வளப்பன்தானே?"

"வடிவா யோசிச்சுப் பார். பிள்ளை தொட்டிலிலை கிடந்து அழுதா அவருக்குக் கேக்காது. உன்னாலை ஓடி வந்து தூக்க ஏலாது. பொம்மர் குண்டு போட வந்தா ஆர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கர்க் குழிக்கு ஓடுறது? அவர் உன்னைத் தூக்குவாரோ, பிள்ளையைத் தூக்குவாரோ?"

நாகேஸ்வரி சூம்பிய காலைத் தடவிக்கொண்டு இருந்தாள்.

"இந்த வீடும் தோட்டமும் ஆருக்கு? அவனுக்குத்தானே. ஒரே வளவு. கண்ணுக்கு முன்னாலை வளரப் போறான். நான் என்ன, பிள்ளையைக் கொண்டு கொழும்புக்கோ ஓடப் போறன்?"

அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். பூரணம் அன்றைக்கே உள்ளறைக் கொடியில் ஏணைத் தொட்டிலுக்குச் சேலை தேடினாள்.

ஐப்பசி மழைக்குள் பிரசவ நோக் கண்டது. இடுப்பெலும்பு கோணலாய் இருந்தபடியால் வயிற்றை வெட்டித்தான் எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மண்ணெண்ணெயில் ஓடிய பழைய காரொன்றில், புகை குடித்து, மழையில் நனைந்து போய்ச் சேர்ந்திருந்தாள். டொக்டரோடு கதிரவேலுதான் கதைத்தார். ஆழ்வாப்பிள்ளைக்குச் சொன்னாலும் விளங்காது என்று அவனை விறாந்தைக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டார்கள். அவன் உள்ளே போகிறவர், வருகிறவர் வாயையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆண் பிள்ளை. நாகேஸ்வரி மயக்கம் தெளிந்து பார்த்தபோது பிள்ளை பூரணத்தின் மடியில் இருந்தது.

பிள்ளைபெற்ற துடக்குக் கழித்த நாளில், மாமனாரான அருளம்பலத்தின் பெயரில் பாதியை வைத்து 'அருள்' என்று கூப்பிட்டாள் பூரணம். பிள்ளை பெரிய வீட்டில் இருந்தது. பசித்தால் தூக்கிக்கொண்டு தெற்கு மூலைக் கொட்டிலுக்கு வருவாள். "மாமியிட்டைப் பால் குடிப்பமோ என்ரை ராசா?" என்று சொல்லிக்கொண்டே நாகேஸ்வரியின் மடியில் கிடத்துவாள். குடித்து முடிய, ஏவறை விடும் முன்பே வாங்கிக்கொண்டு போய்விடுவாள். வெட்டின காயம் ஆறாமல் நாகேஸ்வரி சுவரைப் பிடித்து நடந்த நாட்கள். பால் கட்டிய மார்போடு வாசலில் இருந்து, பெரிய வீட்டு ஏணை ஆடுவதைப் பார்ப்பாள். ஆழ்வாப்பிள்ளை துலாவால் இறங்கி வந்து அவளைப் பார்ப்பான், பெரிய வீட்டைப் பார்ப்பான். ஒரு தரம் நேரே போய் ஏணைக்குள் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கதிரவேலு பின்னாலேயே வந்து, அவன் முகத்துக்கு நேரே நின்று, "நித்திரை கொள்ளுற பிள்ளையைத் தூக்கக் கூடாது மச்சான்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

பிள்ளைக்குக் காது கேளாது என்பது பால் கொடுக்கும்போதுதான் நாகேஸ்வரிக்குத் தெரிந்தது. ஒரு மத்தியானம் பிள்ளை பால் குடிக்கையில் அடுப்படியில் பூனை தட்டி, சருவச்சட்டி அடுப்புக் கல்லில் விழுந்தது. நாகேஸ்வரியே திடுக்கிட்டாள். பிள்ளையின் வாய் ஒரு கணமும் நிற்கவில்லை. பிறகு அவனுடைய தலைக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தாள். அகப்பையால் தகரத்தில் அடித்துப் பார்த்தாள். அவளுடைய முகத்தைக் கண்டால்தான் சிரித்தான்.

அவள் யாருக்கும் சொல்லவில்லை. புருஷனுக்கும் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வளவில் குறையோடு பிறந்து வளர்வது எப்படி என்பதை அவளுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெரிய வீட்டுப் பிள்ளையாக இருக்கிற வரைக்கும் அவனுக்குப் பால் இருக்கிறது, முட்டை இருக்கிறது, ராசா என்ற பேர் இருக்கிறது. மடியில் கிடக்கும் சொற்ப நேரத்துக்குள் அவன் முகத்துக்கு நேரே வாயை அசைத்து "அம்மா" என்று காட்டுவாள். பூரணம் நிற்கும்போது வாயை மூடிக்கொள்வாள்.

பூரணமோ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். "என்ரை குஞ்சு பொம்மருக்கும் பயமில்லை. நாங்கள் நடுங்குவம், அவன் சிரிப்பான். சிங்கக்குட்டி."

ஆவணியில் ஒரு நாள் காலை சகடை வந்தது. பீப்பாய்க் குண்டுகளைத் தள்ளிவிட்டுப் போகும் அந்தக் கிழட்டு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் சனம் விழுந்தடித்து ஓடியது. பூரணம் பிள்ளையை அணைத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கினாள். கதிரவேலுவும், வேலி பிரித்து ஓடி வந்த பத்மாவதியும் இறங்கினார்கள். சனம் ஓடுவதைக் கண்ட ஆழ்வாப்பிள்ளை துலாவிலிருந்து குதித்து, நாகேஸ்வரியை முதுகில் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தான்.

முதல் குண்டு தோட்டங்களுக்கு அப்பால் விழுந்தது. இரண்டாவது கிட்ட விழுந்தது. நிலம் ஒருதரம் தூக்கிப் போட்டது. பங்கர்க் கூரைப் பனங்குற்றிகளின் இடுக்கால் மண் பொலபொலவென்று கொட்டியது. பத்மாவதி "முருகா, முருகா" என்று குழறினாள். கதிரவேலு காதைப் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையை வைத்தார். பூரணத்தின் மடியில் இருந்த பிள்ளை, கொட்டுகிற மண்ணைப் பிடிக்கக் கையை நீட்டிச் சிரித்தது. மூன்றாவது குண்டுச் சத்தத்தில் எல்லாரும் வாய்விட்டுக் கத்தினார்கள். பிள்ளை உள்ளங்கையை விரித்து, மண் போய்விட்டதா என்று பார்த்தது.

விமானம் தூரப் போனதும் பத்மாவதிதான் கேட்டாள்.

"பூரணமக்கா, இந்தப் பிள்ளைக்குக் காது கேக்குதோ?"

"உனக்கென்ன விசர்க் கதை?"

"ஒருக்காக் கூப்பிட்டுப் பாருங்கோவன்."

பூரணம் பிள்ளையைத் தன்னுடைய முகம் தெரியாமல் திருப்பி வைத்தாள். "அருள்" என்றாள். "என்ரை ராசா" என்றாள். பிறகு காதடியில் கை தட்டினாள். பிறகு அந்த இருட்டுக் குழிக்குள், பெரிய சத்தத்தில், திரும்பத் திரும்ப அவனுடைய பேரைச் சொல்லிக் கத்தினாள். பிள்ளை காலிலிருந்த வெள்ளிச் சலங்கையைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தது.

பூரணம் நிமிர்ந்து நாகேஸ்வரியைப் பார்த்தாள்.

"உனக்குத் தெரியும்."

"ஓம்."

"எப்ப தொட்டு?"

"அவன் தவழத் தொடங்க முந்தி."

அன்று பகல் முழுக்கப் பெரிய வீட்டில் அடுப்பு எரியவில்லை. பால் நேரம் வந்தது. பூரணம் வரவில்லை. பிள்ளை வீரிட்டு அழும் சத்தம் நாகேஸ்வரிக்குக் கேட்டுக்கொண்டேயிருந்தது. அவள் தொடையில் கையூன்றி முற்றத்தின் பாதி தூரம் போனபோது, பூரணம் எதிரே வந்தாள். ஒரு கையில் பிள்ளை, மற்றக் கையில் அவனுடைய துணி மூட்டை. பின்னால் கதிரவேலு வந்தார். பூரணம் பிள்ளையை நாகேஸ்வரியின் காலடியில் வெறுநிலத்தில் இருத்தினாள்.

"இந்தா, உன்ரை பிள்ளை."

நாகேஸ்வரி அப்படியே நிலத்தில் இருந்து பிள்ளையை வாரி எடுத்து மார்பில் போட்டாள். அவன் ஏங்கி ஏங்கிக் குடித்தான்.

"தேப்பன்ரை ரத்தம்" என்றாள் பூரணம். "செவிட்டுக்குச் செவிடு. நான் முதலே யோசிச்சிருக்க வேணும்."

"செல் விழுந்து போன காது ரத்தத்திலை வராது மச்சாள். சத்திக்கு நல்லதெண்டு தேத்தண்ணிக்கை என்ன கரைச்சுத் தந்தனியள்? அதை யோசியுங்கோ."

பூரணத்தின் முகம் வெளிறியது. அந்தக் குளிசையால்தான் என்று சொல்ல ஒருவராலும் முடியாது. இல்லையென்று சொல்லவும் முடியாது.  பூரணம் குரலை இறக்கிக்கொண்டு, சந்தையில் விலை பேசுகிறவள்போலக் குனிந்தாள்.

"சரி, நடந்தது நடந்து போச்சு. ஈசு, இவனை நீ வைச்சிரு. அடுத்ததை எனக்குத் தா. இந்தமுறை நான் உன்னைத் தங்கமாப் பாக்கிறன். ஒரு குளிசை தரமாட்டன், சாமி சத்தியமா. நல்லதா ஒண்டு பெத்துத் தா."

"சும்மா வா பூரணம்" என்றார் கதிரவேலு.

"ஏன்? அவளுக்கு வயசு போட்டுதே? வேணுமெண்டா அவளுக்குப் பிறக்கும். எனக்குத்தான் பிறவாது."

"வா எண்டு சொல்லுறன்."

"நீங்கள் கதையாதையுங்கோ. இது பொம்பிளையள் கதைக்கிற கதை."

"இனி அவளுக்குப் பிறவாது."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள்.

"ஆர் சொன்னது?" என்று பூரணம் கேட்டாள்.

கதிரவேலு தோளிலிருந்த சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார். "வயித்தை வெட்டேக்கை, இனிப் பிள்ளை தரியாமல் அதையும் கட்டிவிடச் சொல்லி டொக்டரிட்டைச் சொன்னனான். ஒண்டு போதுமெண்டு அவளே கேட்டவள் எண்டு சொன்னனான். இந்தக் காலோடை இன்னொருக்கா வெட்டிக் கிழிக்க ஏலுமே? ஒவ்வொரு வருஷமும் பெத்துப் போட்டா ஆர் பாக்கிறது? நான் நல்லதுக்குத்தான் செய்தனான்."

நாகேஸ்வரி பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள்.

"என்னைக் கேட்டனியளோ அண்ணை?"

"நீ மயக்கத்திலை கிடந்தாய்."

"அவர் வெளியிலை நிண்டவரெல்லே. அவரைக் கேட்டனியளோ?"

"அவருக்குக் கேக்குமே?"

பூரணம்தான் கூச்சலிட்டாள். "ஐயோ, என்னையாவது கேட்டியளே! இப்பிடி வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? எனக்கிருந்த ஒரு வழியையும் அடைச்சுப் போட்டியளே!" என்று தலையில் அடித்துக்கொண்டு முற்றத்தில் குந்தினாள். அவளுடைய ஒப்பாரிக்குப் பத்மாவதி வீட்டு நாய் குரைத்தது. கதிரவேலு அவளைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். அவள் அவருடைய கையைத் தட்டிவிட்டாள். நாகேஸ்வரியை இரண்டு பேரும் மறந்துபோனார்கள். அவள் பிள்ளையை மற்ற மார்புக்கு மாற்றினாள். மடிந்திருந்த சேலைக்குக் கீழே அந்தத் தழும்பு இருந்தது. மழைக்குளிரில் கொதிக்கும் அது, பிள்ளையை எடுத்த இடம் மட்டும்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

ஆழ்வாப்பிள்ளை துலாவால் இறங்கி, காலில் சேறோடு வந்தான். குந்தியிருந்து அழும் பூரணத்தையும், தலைகுனிந்து நின்ற மச்சானையும், நிலத்தில் கிடந்த துணி மூட்டையையும் பார்த்தான். யாராவது செத்துவிட்டார்களா என்ற பயம் அவன் முகத்தில் இருந்தது.

"என்னவாம்?" என்று கத்தினான். "ஈசு, என்னவாம்?"

அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். அவனுக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னாள்.

"பிள்ளை இனி எங்களோடையாம்."

அவன் நம்பாமல் பிள்ளையைக் காட்டி, கொட்டிலைக் காட்டி, அவளைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள்.

"ஏன்? ஏன் தந்தவை?"

நாகேஸ்வரி பிள்ளையின் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தாள்.  ஆழ்வாப்பிள்ளை குனிந்து சேற்றுக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு, பிள்ளையை வாங்கித் தன் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தான். அவன் கண்ணால் தண்ணீர் ஓடியது. பிள்ளை அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தது.

"அதுக்கென்ன!" என்று பெரிய சத்தத்தில் சொன்னான். பூரணத்தின் அழுகை நின்றுவிட்டது. கதிரவேலு நிமிர்ந்தார். "அதுக்கென்ன, நான் வாயைப் பாத்துப் பழகேல்லையே? இவனையும் பழக்கிறன். ஈசு, எங்களுக்கு இனி ஒரு பெட்டை பிறக்கவேணும். எனக்கும் இவனுக்கும் பொம்மர் வாறதைக் கேட்டுச் சொல்ல. என்ன, ஈசு?"

சொல்லிவிட்டு, மறுமொழிக்காக அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம்" என்றாள் நாகேஸ்வரி.